‘அப்கிரேட்’ என்னும் மாயச் சொல்லும் ஒரு பிடி இறப்பரும்

ஒரு காரின் பின்புறத்து அடிவயிற்றில், சொந்தக்காரர் ஒருநாளும் குனிந்து பார்க்காத இடத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் இறப்பர்த் துண்டுகள் மூன்றோ நான்கோ இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையா என்று வியக்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். போரையும் புயலையும் தேர்தலையும் பத்திரிகையில் எழுதித் தீர்த்த கைக்கு வேறு வேலை இல்லாமற் போயிற்றோ என்று சிலர் நகைக்கவும் கூடும். நகைக்கட்டும். அந்தச் சிறு துண்டுகளைச் சுற்றி எங்கள் திருகோணமலையில் ஒரு பிழை நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பிழைக்கு ‘அப்கிரேட்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதற்கு வேண்டிய பொருளைக் கடல் கடந்து வாழும் உங்களில் சிலர் அன்போடு பொதி கட்டி அனுப்பிவைக்கிறீர்கள். ஆகவே உங்களிடமே முறையிட வந்தேன்.

திருகோணமலையில் ஸ்போர்ட்ஸ் கார் ஏது என்று கேட்காதீர்கள். துறைமுகத்தைச் சுற்றியுள்ள பகுதியில், உட்துறைமுக வீதியிலும் உவர்மலையிலும் உப்புவெளியிலும், ஞாயிறு மாலைகளில் வந்து பாருங்கள். 1990களில் ஜப்பானில் பிறந்த இரண்டு இருக்கை மாஸ்டா, பின்சக்கரம் உந்தும் நிசான், ஜெர்மனியின் பழைய பி.எம்.டபிள்யூ, அரிதாக ஓர் ஆங்கிலேய டிரையம்ப் என்று சில கார்கள் இங்கும் வாழ்கின்றன. கோடீசுவரர்களின் விளையாட்டுப் பொருள்கள் அல்ல அவை. தகப்பன் வாங்கியதை மகன் காப்பாற்றுகிறான். கொழும்பில் ஒருவர் கைவிட்டதை இங்கே ஒருவர் மூன்றாண்டு உழைத்து உயிர்ப்பிக்கிறார்.

அவற்றைக் காப்பாற்றுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியும் இருந்ததில்லை. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று நாடு கைவிரித்தது. தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த கதவின் முன் நிற்கும் வரிகளைக் கண்டவர்கள் திரும்பிப் போய்த் தங்கள் பழைய காரையே துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக, ஐந்தாண்டுக் காலம் இந்த நாட்டின் கார்கள் புதுவரவு இன்றி மூப்படைந்தன. மூப்பின் முதல் அடையாளம் எஞ்சினில் தெரிவதில்லை; இறப்பரில் தெரிகிறது. மனிதனுக்கு மூட்டுத் தேய்வது போலத்தான்.

இனி அந்த மூட்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம். வளைவில் திரும்பும்போது உட்சக்கரம் குறைந்த தூரமும் வெளிச்சக்கரம் கூடிய தூரமும் ஓடவேண்டும். இரண்டுக்கும் ஒரே அச்சில் உந்துதல் கொடுத்துக்கொண்டே வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷல். பிரான்சில் பெக்கர் என்ற கடிகாரத் தொழிலாளி நீராவி வண்டி ஒன்றுக்காக 1827இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. பின்சக்கரம் உந்தும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில், சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்க, இந்தப் பெட்டி மட்டும் காரின் உடலோடு தொங்குகிறது. அப்படித் தொங்கவிடும் இடங்களிலுள்ள இறப்பர் உறைகளே டிஃபரன்ஷல் புஷ்கள்.

அவை தாங்கும் சுமையைச் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். எஞ்சின் 150 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசை தருகிறது என்று வைத்துக்கொள்வோம்; சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கு அது இயல்பான அளவு. முதலாம் கியர் அதை மூன்று மடங்காக்குகிறது. டிஃபரன்ஷல் மேலும் நான்கு மடங்காக்குகிறது. சக்கரங்களுக்குச் சேர்வது 1,800 நியூட்டன் மீற்றர். வினைக்கு எதிர்வினை உண்டென்பதால், அதே அளவு விசையோடு பெட்டி எதிர்ப்பக்கம் முறுகி மூக்கைத் தூக்க முயல்கிறது. முன் தாங்கிக்கும் பின் தாங்கிக்கும் 30 சென்ரிமீற்றர் இடைவெளி என்றால், ஒவ்வொன்றின் மீதும் விழும் விசை ஏறத்தாழ 600 கிலோ எடைக்குச் சமம். ஒவ்வொரு புறப்பாட்டின்போதும், கிளட்சை விடுகின்ற ஒவ்வொரு கணத்திலும், இந்த அடியை வாங்கி விழுங்குவது அந்த ஒரு பிடி இறப்பர். முப்பதாண்டு வாங்கிய பிறகு அது நைந்துபோனதில் வியப்பென்ன?

நைந்ததை அறிவதும் கடினமன்று. கியர் மாற்றும்போது பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஓர் அடி. காலை எடுத்தால் ஓர் அடி, அழுத்தினால் மறு அடி. காரைத் தூக்கி நிறுத்தி, கடப்பாரையால் பெட்டியை நெம்பினால் அது விரலளவு ஆடும். உள் உறையும் வெளி உறையும் ஒட்டு விட்டுத் தனித்தனியே கிடக்கும். இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. புஷ்ஷை மாற்றவேண்டும்.

எதைப் போடுவது என்ற கேள்வியில்தான் மாயச் சொல் வந்து நுழைகிறது. “இறப்பரா? அது பழைய காலத்துச் சாமான். பொலியூரிதேன் போடுங்கள், வாழ்நாள் முழுக்க இருக்கும். இன்னும் துணிவிருந்தால் அலுமினியமே போடலாம். காரை அப்கிரேட் செய்துவிடலாம்.” இப்படிச் சொல்பவர் கராஜ்காரராக இருக்கலாம், கணினித் திரையில் ஊதா நிறப் புஷ்ஷைக் காட்டும் வியாபாரியாக இருக்கலாம், லண்டனிலிருந்தோ டொரொண்டோவிலிருந்தோ பேசும் மைத்துனராகவும் இருக்கலாம். சொல் ஒன்றுதான். அந்தச் சொல்லுக்கு முன்னால் இறப்பர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. அதன்மீது சுமத்தப்படும் குற்றமோ, அது மென்மையாக இருக்கிறது என்பது!

நான் கேட்கிறேன்: மென்மைக்காகவே ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்த பிறகு, மென்மையாக இருக்கிறதென்று அதைப் பழிப்பது என்ன நியாயம்?

வரலாறு தெரியாதவர்களுக்குத்தான் விறைப்பு முன்னேற்றமாகத் தோன்றும். மோட்டார் வாகனத்தின் ஆரம்ப காலத்தில் எஞ்சினைச் சட்டத்தோடு நேரே முடுக்குவதே பொது வழக்கமாக இருந்தது. கார் நடுங்கியது, ஓட்டுபவரின் பல் ஆடியது, சட்டம் வெடித்தது. 1931இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் எஞ்சினை இறப்பர் தாங்கிகளின் மேல் மிதக்கவிட்டது. ‘மிதக்கும் ஆற்றல்’ என்று அதற்குப் பெயரிட்டு உலகெங்கும் விளம்பரம் செய்தது. பிரான்சின் சித்ரோயன் அந்த உரிமையை விலைகொடுத்து வாங்கியது. அதாவது இறப்பர்தான் அப்கிரேட்! அதைக் கழற்றிவிட்டு அலுமினியத்தை அடித்து ஏற்றுபவர் முன்னே போகவில்லை. 1931க்கு முந்திய காலத்துக்குத் திரும்பிப் போகிறார். அதற்குப் பணமும் கொடுக்கிறார்.

எங்கள் துறைமுகத்து இறங்குதுறைகளில் வரிசையாகத் தொங்கும் பழைய டயர்களைப் பாராதவர் திருகோணமலையில் இல்லை. படகு அலையில் ஆடி வந்து மோதும்போது அடியை வாங்குவது அந்த டயர். சில ஆண்டுகளில் அது கிழிந்துவிடும், வேறொன்றைக் கட்டுவார்கள். “டயர் அடிக்கடி கிழிகிறது, அதற்குப் பதிலாக இரும்புத் தகட்டை அடித்து அப்கிரேட் செய்வோம்” என்று சொல்லும் மீனவரை நான் இன்றுவரை சந்திக்கவில்லை. ஏனென்றால் டயர் கிழியாவிட்டால் படகு கிழியும் என்பது அவருக்குத் தெரியும். கல்லாதவர் என்று நாம் கருதும் அவர் அறிந்த பொறியியல், கணினி முன் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஏன் மறந்துபோகிறது?

அடி எங்கும் போய் ஒளிந்துகொள்வதில்லை அன்பர்களே. புஷ் விழுங்காவிட்டால் அதற்கு அடுத்திருக்கும் சப்ஃபிரேம் வாங்கும். அதுவும் வளைந்து கொடுக்காவிட்டால் அதற்கப்பால் இருக்கும் உடல் தகடு வாங்கும். இறப்பரின் கடினத்தை அளக்க ‘ஷோர் ஏ’ என்று ஓர் அளவுகோல் உண்டு. வாகனத் தொழிற்சாலைகள் இடும் புஷ்கள் பெரும்பாலும் அதில் 50 முதல் 65க்குள் நிற்பவை. விற்பனைக்கு வரும் பொலியூரிதேன் புஷ்களோ 80, 90, 95 என்று ஏறுகின்றன. 55இலிருந்து 90க்கு ஏறினால் மூன்றில் இரண்டு பங்குதானே கூடுதல் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த அளவுகோல் நேர்க்கோட்டில் ஏறுவதன்று. அங்கே உண்மை விறைப்பு பன்மடங்காகிவிடுகிறது.

தகடு தாங்காதா என்பீர்கள். தொழிற்சாலையின் இறப்பரோடு பிறந்த கார்களிலேயே தகடு தாங்காத வரலாறு உண்டு. டிரையம்ப் டி.ஆர்.4ஏ முதல் டி.ஆர்.6 வரையான கார்களில், டிஃபரன்ஷலைத் தாங்கும் முளைகள் அடிச்சட்டத்திலிருந்து கிழிந்து வருவது பழைய கார் ஆர்வலர் அனைவரும் அறிந்த நோய். 1998இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ ‘இ46’ வரிசையில், பின் சப்ஃபிரேமைப் பிடித்திருக்கும் தகட்டில் வெடிப்பு விழுந்து, அது அமெரிக்காவில் வழக்குவரை போனது. ஜெர்மனியின் வழவழப்பான சாலைகளுக்காகச் செய்யப்பட்ட கார்களின் கதை இது. இடையிலிருந்த இறப்பரையும் எடுத்துவிட்டு, அதே காரை எங்கள் வீதிப் பள்ளங்களில் இறக்கினால் என்னாகும்?

இங்கே இன்னொரு பகைவனும் இருக்கிறான்: உப்பு. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று நாங்கள் பெருமை பேசும் இந்த நீர்ப்பரப்பு, பகலிலும் இரவிலும் உப்புக் காற்றை எங்கள் மீது ஊதிக்கொண்டிருக்கிறது. கழுவி வெயிலில் காயவிட்ட காரின் மேற்பரப்பு மினுங்கும். அடிவயிற்றின் மடிப்புகளுக்குள் சிவப்புத் துரு பூத்துக்கொண்டிருக்கும். தொழிற்சாலையில் ஒன்றரை மில்லிமீற்றராக இருந்த தகடு, முப்பதாண்டுத் துறைமுகக் காற்றுக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை எந்த அப்கிரேட் வியாபாரியும் அளந்து பார்ப்பதில்லை.

சென்ற ஆண்டு அனுராதபுரச் சந்திக்கு அண்மையிலுள்ள ஒரு பட்டறையில் நான் கண்டது இதுதான். வெளிநாட்டிலிருந்து வந்த கடினப் புஷ்கள் போட்டு ஓராண்டும் ஆகாத ஒரு கார். ‘டொக்’ ஒலி முதலில் நின்றிருந்தது. உரிமையாளரான இளைஞர் மகிழ்ந்திருக்கிறார். பிறகு 70 கிலோமீற்றர் வேகத்தில் பற்சக்கரங்களின் ஊளை காருக்குள் நிறையத் தொடங்கியது. “ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான்” என்று அவரைத் தேற்றியிருக்கிறார்கள். பின்னர் ‘டொக்’ திரும்பி வந்தது. மெக்கானிக் பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கி, விளக்கைப் பிடித்துக் காட்டினார். தாங்கி இருந்த மூலையிலிருந்து வெடிப்பு ஒன்று விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. ஊதா நிறப் புஷ்ஷிலோ ஒரு கீறலும் இல்லை. “வாழ்நாள் முழுக்க இருக்கும்” என்று விற்றவர் பொய் சொல்லவில்லை ஐயா. காரின் வாழ்நாளுக்கு அவர் உத்தரவாதம் கொடுக்கவில்லையே!

மாற்றுக் கட்சியின் வாதங்களையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம்.

“பந்தயக் கார்களில் போடுகிறார்களே” என்பது முதலாவது. போடுகிறார்கள், சரியாகவே போடுகிறார்கள். பந்தயக் காரின் தகட்டுக்கு முன்கூட்டியே வலுத்தகடு வைத்து வெல்டிங் செய்கிறார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் அதைத் தூக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஓட்டுபவர் காதை அடைத்துக்கொண்டு ஓட்டுகிறார். நுவரெலியாவின் மககஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்குப் போகும் காருக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கந்தளாய் வழியாக ஹபரணைக்கு மனைவி மக்களோடு போகும் காரைப் பந்தயக் காராக்க வேண்டிய தேவை என்ன? அந்த வீதியில் இரவில் யானை குறுக்கே வரும். திடீரெனத் தடையிட்டு விலகவேண்டிய கணத்தில் துருத் தின்ற தகடு கிழிந்து கொடுத்தால், அப்கிரேட் என்ற சொல்லா உங்களைக் காப்பாற்றும்?

“பொலியூரிதேன் நெடுநாள் உழைக்கும்” என்பது இரண்டாவது. உழைக்கட்டும். இறப்பர் எத்தனை நாள் உழைத்தது என்று கேளுங்கள். உங்கள் காரில் நைந்துபோன புஷ் தொழிற்சாலையில் போட்டதென்றால் அது இருபத்தைந்து முப்பது ஆண்டு உழைத்திருக்கிறது. அதையும் பல வேளைகளில் கொன்றது முதுமையன்று, எண்ணெய். டிஃபரன்ஷலின் முன்மூக்கிலுள்ள எண்ணெய் முத்திரை கசிந்தால், கியர் எண்ணெய் வழிந்து இயற்கை இறப்பரை ஊறவைத்து உப்பச் செய்துவிடும். நோய் முத்திரையில், தண்டனை புஷ்ஷுக்கு. சில நூறு ரூபாய் முத்திரையை மாற்றாமல் பல்லாயிரம் ரூபாய் புஷ்ஷை இறக்குமதி செய்வது, ஓட்டைக் குடத்தை விட்டுவிட்டு நிலத்துக்குச் சீமெந்து பூசுவது போன்றது.

மூன்றாவது வாதம் இன்னும் வேடிக்கையானது. “கம்பெனிப் புஷ்ஷில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கின்றன; இறப்பரை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.” அந்த ஓட்டைகள் கஞ்சத்தனமல்ல. ஒரு திசையில் நெகிழவும் மறுதிசையில் இறுகி நிற்கவும் பொறியியலாளர்கள் கணக்கிட்டு வைத்த வெற்றிடங்கள் அவை. அதனால்தான் புஷ்ஷை எந்தப் பக்கம் பார்த்து அழுத்தவேண்டும் என்பதற்கு விளிம்பில் குறியும் இடுகிறார்கள். அந்த வெற்றிடங்களில் கண்ணாடி ஒட்டும் பசையை நிரப்பி “பலப்படுத்தும்” கைவண்ணத்தையும் நான் இந்நகரில் பார்த்திருக்கிறேன். புல்லாங்குழலின் துளைகளை அடைத்துவிட்டு மூங்கில் இப்போது பலமாகிவிட்டது என்று மகிழ்வதை வேறெங்கும் பார்த்ததில்லை.

நான்காவது வாதம் ஒன்றே என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. “அசல் புஷ் கிடைக்கவில்லை ஐயா, கிடைத்தாலும் விலை கட்டாது.” உண்மை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். ஒரே பெட்டிக்குள் அசலும் போலியும் அருகருகே உறங்கும் சந்தை அது. சில மாதிரிகளுக்கு உற்பத்தியே நின்றுவிட்டது. சில மாதிரிகளுக்குப் புஷ்ஷைத் தனியே தராமல், முழுத் தாங்கியையும் வாங்கு என்கிறார்கள். 2022இல் டொலரின் விலை சில வாரங்களில் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டிய பிறகு, சாதாரண உதிரிப்பாகமும் நகைக்கடைப் பொருளாகிவிட்டது. இந்தத் துயரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து பிறக்க வேண்டிய கேள்வி வேறு: இறப்பர் புஷ்ஷை இலங்கையில் ஏன் இறக்குமதி செய்கிறோம்?

இந்தக் கேள்வியின் அபத்தத்தை உணர்ந்து பாருங்கள். 1876இல் பிரேசில் விதைகளிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த நாற்றுகளில் ஏறத்தாழ 1,900 வந்திறங்கியது இந்தத் தீவின் ஹெனரத்கொடையில். ஆசியாவின் இறப்பர்த் தோட்ட வரலாறு அங்கிருந்து கிளை விட்டது. 1952இல் பட்டினி நெருங்கியபோது சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கினோம். அந்த ஒப்பந்தம் முப்பது ஆண்டு நீடித்தது. அகலவத்தையில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட மரபுடைய இறப்பர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. உலகத் துறைமுகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பாரம் தூக்கி ஓடும் வண்டிகளுக்கான திண்ம டயர்களை ஏற்றுமதி செய்வதில் இலங்கை முன்வரிசையில் நிற்கிறது. தொன் கணக்கான பாரத்தைத் தாங்கும் டயரை வார்க்கத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு பிடி புஷ்ஷை வார்க்கத் தெரியாதா?

இறப்பர் பலவீனமான பொருள் என்பவர்கள் இதையும் அறிந்துகொள்ளட்டும். இயற்கை இறப்பரை இழுக்க இழுக்க அதன் இழைகள் ஒழுங்குபட்டு இறுகி, கிழிவை எதிர்த்து நிற்கின்றன. இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துப் பெல்ஹாம் பாலம் 1950களின் பிற்பகுதியிலிருந்து இயற்கை இறப்பர்த் தாங்கிகளின் மீது நிற்கிறது. கலிபோர்னியாவில் 1985இல் ஒரு நீதிமன்றக் கட்டடத்தையே நிலநடுக்கத்திலிருந்து காக்க இயற்கை இறப்பர் மெத்தைகளின் மீது கட்டினார்கள். பாலத்தையும் நீதிமன்றத்தையும் நம்பி ஒப்படைத்த பொருளிடம் ஒரு காரின் பற்சக்கரப் பெட்டியை ஒப்படைக்க நமக்குத் தயக்கம்!

கைவினை இல்லை என்று சொல்லமுடியுமா? அதுவுமில்லை. 1957வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இயங்கிய ஊர் இது. கடைசல் இயந்திரமும் உலையும் அறிந்த கைகள் அந்தத் தளத்தில் பழகின. போர்க்காலத்தை எண்ணிப் பாருங்கள். வடக்கில் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் ஒரு சொட்டுக் காட்டி எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஒஸ்டினையும் மொறிஸையும் ஓட்டியவர்கள் நாம். புஷ் கிடைக்காத நாளில் பழைய லொறி டயரைச் செதுக்கிப் புஷ்ஷாக்கிய மெக்கானிக்குகளை இங்கும் அங்கும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? “இப்போதைக்கு ஓடும், நல்லது கிடைத்ததும் மாற்றிவிடு” என்றார்கள். டயருக்குள் நூலடுக்கு இருப்பதால் அது எல்லாத் திசையிலும் ஒரேபோல் நெகிழாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தட்டுப்பாட்டைத் தட்டுப்பாடு என்று அழைக்கும் நேர்மை அவர்களிடம் இருந்தது. இன்று அதே தட்டுப்பாட்டுக்கு வண்ணம் பூசி, அப்கிரேட் என்று பெயரிட்டு, கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். எனக்குச் சினம் மூட்டுவது இந்தப் பெயர்தான்.

அரசையும் சும்மா விட்டுவிட முடியாது. தனியார் காருக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை கட்டாயம். புகையை அளப்பது நல்லதே. ஆனால் அதே காரை ஒருமுறை தூக்கி அடிப்பகுதியைப் பார்க்க ஓர் ஏற்பாடும் இல்லை. மேலே வரும் புகை குற்றம். கீழே விழும் வெடிப்பு தனிப்பட்ட விவகாரம்! வாகனங்கள் மூப்படையும்படி ஐந்தாண்டு கதவடைத்த ஓர் அரசு, மூப்படைந்த வாகனங்களின் பாதுகாப்பைப் பற்றி யோசித்திருக்க வேண்டாமா? மாற்று வாகனத்துக்கு வரி, உதிரிப்பாகத்துக்கும் வரி என்றால், மக்கள் எங்கே போவார்கள்? ஊதா நிறப் பொதியிடம்தான் போவார்கள்.

நான் கேட்பது பெரிய திட்டமன்று. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் வாகன இறப்பர் புஷ்களுக்குக் கடினம் இவ்வளவு, ஒட்டுப் பலம் இவ்வளவு என்று ஒரு தெளிவான அளவை வகுத்து, அதைப் பெட்டியின் மேல் அச்சிடச் செய்யட்டும். உள்ளூரில் வார்ப்பவர் யாராயினும் அந்த எண்ணுக்குப் பொறுப்பாகட்டும். நமது தொழில்நுட்பக் கல்லூரிகள் வாகனத் தொழில் படிக்கும் பிள்ளைகளின் கையில் கடினமானி ஒன்றைக் கொடுத்து, அசல் புஷ்ஷையும் போலிப் புஷ்ஷையும் அளந்து பார்க்கப் பழக்கட்டும். கைக்கடிகாரம் அளவுள்ள எளிய கருவி அது. எண் தெரிந்த மெக்கானிக்கை எந்த வியாபாரியும் சொல்லால் மயக்க முடியாது.

கார் வைத்திருக்கும் இளைஞர்களுக்கும் சில வார்த்தை. ‘டொக்’ என்றதும் புஷ்ஷை வாங்க ஓடாதீர்கள். புரொப்பெல்லர் ஷாப்டின் மூட்டுகளையும் அரைத்தண்டுகளையும் சப்ஃபிரேம் புஷ்களையும் முதலில் பாருங்கள். ஒலி அங்கிருந்தும் வரலாம். எண்ணெய்க் கசிவு இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். தாங்கியைச் சுற்றியுள்ள தகட்டைக் கம்பித் தூரிகையால் துலக்கி, வெடிப்பும் துருவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் முதல் செலவு அங்கே. பழைய புஷ்ஷை நெருப்பு வைத்து எரித்து எடுக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். பல கார்களில் எரிபொருள் தாங்கி அதன் பக்கத்திலேயே இருக்கிறது. பொலியூரிதேன் எரிந்தால் வரும் புகையில் சயனைட் நஞ்சும் இருக்கிறது. அழுத்தும் இயந்திரம் உள்ள பட்டறையைத் தேடுங்கள். புதியது அசலாகவோ, அசலின் கடினத்துக்கு நிகரான இறப்பராகவோ இருக்கட்டும். குறியைப் பார்த்து, திசை மாறாமல் அழுத்தச் சொல்லுங்கள். வேறு வழியே இல்லாமல் பொலியூரிதேன்தான் போடவேண்டும் என்றால், கிடைப்பதில் மிக மென்மையானதைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகட்டைப் பாருங்கள். அதை அப்கிரேட் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கடைசியாக, கடல் கடந்த உறவுகளே, உங்களுக்கு. ஊரில் தம்பி கார் வைத்திருக்கிறான், அவனுக்கு ஏதாவது அனுப்பவேண்டும் என்ற உங்கள் அன்பை நான் அறிவேன். அந்த அன்பு பொதியாக வந்து தகட்டைக் கிழிக்கவேண்டாம். அனுப்புவதானால் அந்தக் காரின் சரியான இலக்கத்தைக் கேட்டறிந்து அசல் இறப்பர் புஷ்ஷை அனுப்புங்கள். பெரும்பாலும் அதன் விலை ஊதா நிறத்தானைவிடக் கூடுதலாகவும் இராது. மனம் இன்னும் பெரிதானால், ஊர்ப் பட்டறை ஒன்றுக்குப் புஷ் அழுத்தும் இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். ஒரு காருக்குப் போகும் பணம் நூறு காருக்குப் பயன்படும்.

விறைப்பாக நிற்பதெல்லாம் வீரம், வளைந்து கொடுப்பதெல்லாம் கோழைத்தனம் என்று நம்பி இந்தத் தீவு போதுமான அளவு உடைந்திருக்கிறது. கார்களையாவது அந்த நம்பிக்கையிலிருந்து விட்டுவைப்போம். நைந்த புஷ்ஷை மாற்றுங்கள். மென்மையானதையே மீண்டும் போடுங்கள்.